கோ... வென்ட்... கான்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெளியே மழையா பனியா என்று சொல்லமுடியாத ஏதோ ஒன்று கொட்டிக்கொண்டிருந்தது. கூடத்தில் காபியும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். பக்கத்து அறையிலிருந்து மகளின் குரல் ராகம் போட்டு வந்தது.

"கோ... வென்ட்... கான். கம்... கேம்... கம். டேக்... டுக்... டேக்கன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வார்த்தைகள் மட்டுமல்ல, அந்த ராகமே எனக்குத் தெரிந்த ராகம். முப்பத்தைந்து வருடங்களுக்கு மேல் முன்னால், பள்ளிவாசலில், தகரக் கூரை போட்ட ஒரு வகுப்பறையில் நாற்பது பேர் சேர்ந்து கத்திய அதே ராகம். நாங்கள் இருப்பது ஜெர்மனியில் லைப்ஸிக் நகரம். அவளுக்குப் பள்ளிக்கூட மொழி ஜெர்மன். ஆங்கிலம் அந்நிய மொழிப் பாடம். பாடப்புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் மூன்று பத்தி அட்டவணை இருக்கிறது. திங்கட்கிழமை டெஸ்ட்.

எட்டிப் பார்த்தேன். புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டாள்: "அப்பா, யாருப்பா இதை இப்படிப் பண்ணினது? எல்லாத்துக்கும் 'எட்' போட்டுட்டா முடிஞ்சது இல்ல? 'கோ-எட்'னு சொன்னா யாருக்குப் புரியாமப் போகும்?"

இதே கேள்வியை ஆறாம் வகுப்பில் நானும் கேட்டேன். எங்கள் ஆசிரியர் நல்ல மனுஷர், அடிக்கமாட்டார். "அது அப்படித்தான்டா. மனப்பாடம் பண்ணு" என்றார். பண்ணினேன். பதில் கிடைக்க இத்தனை வருடம் ஆனது. அந்தப் பதிலையும், அது எங்கள் மலைக்கும் எனக்கும் என்ன செய்தது என்பதையும் எழுதிவைக்கலாம் என்றுதான் இது. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகள் இருப்பவர்களுக்குக் கடைசியில் ஒரு சங்கதியும் இருக்கிறது.

முதலில் ஊர். பள்ளிவாசல் என்றதும் மசூதி என்று நினைக்கவேண்டாம். இடுக்கி மாவட்டத்தில் தேவிகுளம் தாலுக்காவில், அடிமாலியிலிருந்து மூணாறுக்கு ஏறும் சாலையில், மூணாறுக்குக் கொஞ்சம் கீழே இருக்கும் ஊர் அது. கேரளத்தில் பள்ளிவாசல் என்றால் முதலில் பவர்ஹவுஸ்தான் நினைவுக்கு வரும். முதிரப்புழை ஆற்றுத் தண்ணீரைக் குழாயில் இறக்கி மின்சாரம் எடுக்கும் அந்த நிலையம் 1940-ல், திருவிதாங்கூரில் சர் சி.பி. ராமசாமி ஐயர் திவானாக இருந்தபோது ஓடத் தொடங்கியது. இன்றைய கேரளத்தின் முதல் நீர்மின் திட்டம் அதுதான். பக்கத்திலேயே மின்வாரியக்காரர்கள் குடியிருக்க உருவான ஊருக்கு மகாராஜா சித்திரைத் திருநாள் பெயரில் சித்திரபுரம் என்று பெயர்.

பவர்ஹவுஸுக்கு முன்பே தேயிலை வந்துவிட்டது. 1877-ல் ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் பூஞ்சார் அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு வாங்கினார். 1897-ல் கண்ணன் தேவன் ஹில்ஸ் புரொட்யூஸ் கம்பெனி உருவானது. காட்டை வெட்டவும் செடி நடவும் கொழுந்து எடுக்கவும் ஆள் வேண்டுமே? கங்காணிகள் மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளில் முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தார்கள். பஞ்சத்திலும் கடனிலும் கிடந்த குடும்பங்கள், பெரும்பாலும் தலித் குடும்பங்கள், போடி வழியாக மலையேறின. 1956-ல் மாநிலங்களைப் பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. தமிழர்களும் அங்கேயே நின்றார்கள். என் தாத்தா, பாட்டி, அம்மா எல்லோரும் மலைக்குப் போனவர்கள்தான். எங்கள் ஊரில் 'மலைக்குப் போறது' என்றால் கொழுந்தெடுக்கப் போவது.

சரி, ஆங்கிலத்துக்கு வருவோம். எங்கள் மலையில் ஆங்கிலம் இருந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் அது எங்கே இருந்தது என்பதுதான் கேள்வி. பங்களாவில் இருந்தது, ஆபீசில் இருந்தது, கணக்குப் புத்தகத்தில் இருந்தது. லயத்துக்கு அது எப்படி இறங்கி வந்தது என்று பாருங்கள்: எஸ்டேட், டிவிஷன், ஃபீல்டு, மஸ்டர், செக்ரோல், ஃபேக்டரி, பங்களா, ரைட்டர், டிஸ்பென்சரி, போனஸ், பவர்ஹவுஸ், டர்பைன். 'லயம்' என்பதே 'லைன்' என்ற சொல்தான். வரிசை வீடு என்று பொருள். இப்போது சங்கீதச் சொல் மாதிரி ஆகிவிட்டது :-)

அந்தப் பட்டியலை இன்னொரு தடவை படியுங்கள். எல்லாம் பெயர்ச்சொல். ஒரு வினைச்சொல் கூடக் கிடையாது. பொருளின் பெயரும் இடத்தின் பெயரும் கீழே வந்தன. யார் எதைச் செய்தார், எப்போது செய்தார், செய்திருக்கிறாரா இல்லையா என்று சொல்லும் வினைச்சொற்கள் மேலேயே தங்கிவிட்டன. அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. கொழுந்தெடுக்கும் பெண்ணிடம் யாரும் ஆங்கிலத்தில் வாக்கியம் பேசவில்லை. அவள் பதில் சொல்லவேண்டிய தேவையும் யாருக்கும் இல்லை.

எதிர்ப்பக்கத்தில் நடந்தது இன்னும் வேடிக்கை. இலங்கையிலும் இதே தோட்டம், இதே கங்காணி, இதே தமிழ்த் தொழிலாளிகள். அங்கே புதிதாக வரும் சின்னத்துரைகள் தமிழ் கற்பதற்காக ஏ.எம். ஃபெர்குசன் என்பவர் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொழும்பில் ஒரு கையடக்கப் புத்தகம் போட்டார். புத்தகத்தின் தலைப்பு என்ன தெரியுமா? 'இங்கே வா!'. முதன்முதலில் இதைக் கேள்விப்பட்டபோது சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை. ஒரு ஜனத்தின் மொழிக்கு வாசலாக ஓர் ஏவல் வினையைத்தான் வைக்க முடிந்திருக்கிறது. இத்தனைக்கும் 'வா' தமிழிலேயே விதிக்கு அடங்காத வினைகளில் ஒன்று. அதைப் பற்றிப் பிறகு.

நிற்க.

எங்கள் பள்ளிக்கூடம் தமிழ் மீடியம். கேரள அரசுப் பாடத்திட்டம், தமிழில். கூடவே மலையாளம், ஆங்கிலம், இந்தி. ஆங்கில ஆசிரியர் கரும்பலகையில் மூன்று கோடு போட்டு மூன்று பத்தி எழுதுவார். நாங்கள் கணக்கு வாய்ப்பாடு மாதிரிக் கத்துவோம். ஈட் - ஏட் - ஈட்டன். சீ - சா - சீன். ரைட் - ரோட் - ரிட்டன். கட் - கட் - கட் வரும்போது மட்டும் எல்லோருக்கும் உற்சாகம் பிறந்து சத்தம் கூடும். அர்த்தம் பாதிக்குப் பாதி தெரியாது. ஆங்கில அகராதி வகுப்பில் ஒருவனிடமும் இல்லை. பட்டணத்துப் பிள்ளைகள் ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகம் வைத்துப் படிப்பார்கள் என்று கேள்விப்பட்டதோடு சரி. 1930-களில் வந்து இன்றுவரை இந்தியா முழுக்க விற்றுக்கொண்டிருக்கும் புத்தகம். அதை நான் கண்ணால் பார்த்தது காலேஜில்.

வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்தும் அதே கத்தல். அம்மா மலையிலிருந்து வந்து, ஈரத்துணியை மாற்றிக்கொண்டு, கஞ்சி காய்ச்சும்போது கேட்டுக்கொண்டே இருப்பார். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் நான் ஒன்றை விட்டுவிட்டால் தாளம் இடிக்கும் இல்லையா? "ஏதோ ஒண்ணு விட்டுப்போச்சுடா" என்பார். திரும்பிப் பார்த்தால் நிஜமாகவே விட்டுப்போயிருக்கும்.

இப்படி நூற்றுச் சொச்சம் வினைச்சொற்களைத் தலைகீழாகப் படித்தவன், பொறியியல் முடித்துவிட்டுக் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனிக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். "முந்தைய கம்பெனியின் தேர்வுக்கு ஏன் போகவில்லை?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். "ஐ டிட் நாட் வென்ட், சார்" என்றேன். எதிரே இருந்த மூன்று பேரில் ஒருவர் மற்றவரைப் பார்த்துச் சிரித்தார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு என்ன கேட்டார்கள், என்ன சொன்னேன் என்று எதுவும் ஞாபகம் இல்லை. வேலை கிடைக்கவில்லை. காந்திபுரம் பஸ் நிலையத்தில் உட்கார்ந்து 'கோ வென்ட் கான்' என்று முணுமுணுத்துப் பார்த்தேன். மூன்றும் சரியாகத்தான் வந்தன. பிறகு தப்பு எங்கே?

இதை யோசித்து யோசித்துத்தான் ஒன்று பிடிபட்டது. நாம் தமிழில் பேசும்போது ஆங்கில வினைச்சொற்களை அள்ளி அள்ளிப் போடுகிறோம். ஆனால் எப்படிப் போடுகிறோம்? "டிரைவ் பண்ணினேன்", "பிரேக் ஆயிடுச்சு", "செலக்ட் பண்ணுவாங்க". ஒருவராவது "டுரோவ் பண்ணினேன்" என்கிறோமா? ஆங்கிலச் சொல்லை முதல் பத்தியிலிருந்து மட்டும் உருவிக்கொள்கிறோம். காலம் காட்டும் வேலையைப் 'பண்ணு' பார்த்துக்கொள்கிறது. ஆகவே வாழ்நாள் முழுக்க 'டிரைவ்' என்று சொன்னாலும் 'டுரோவ்' என்பதற்கு வாயில் பழக்கமே ஏற்படுவதில்லை. இரண்டாம், மூன்றாம் பத்திகள் வாய்ப்பாட்டில் மட்டும் வாழ்கின்றன.

இன்னொன்று 'டிட்' விவகாரம். "நேத்து போனியா?" என்று நாம் கேட்கும்போது காலம் 'போ'விலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலத்தில் கேள்வி வந்துவிட்டால் காலத்தை 'டிட்' தூக்கிக்கொள்கிறது, வினை வெறும் 'கோ' ஆகிவிடுகிறது. நமக்கு அது உறுத்துகிறது, இரண்டிலும் காலத்தை வைத்துவிடுகிறோம். ஆனால் தமிழிலேயே இதற்கு மருந்து இருக்கிறது. எதிர்மறையைப் பாருங்கள்: 'போகவில்லை'. இதில் 'போக' என்பதற்குக் காலம் கிடையாது. 'போனவில்லை' என்று யாராவது சொன்னால் காது கூசும். 'டிட் நாட் வென்ட்' என்பது அந்தப் 'போனவில்லை'தான். இதை மட்டும் ஆறாம் வகுப்பில் யாராவது சொல்லியிருந்தால் கோயம்புத்தூரில் தப்பித்திருப்பேன்.

மூன்றாம் பத்திக்கும் இதே போல ஒரு சாவி உண்டு. 'கான்' எதற்கு? 'போயிருக்கிறேன்' என்பதில் வரும் 'போய்' மாதிரி. 'சீன்' என்றால் 'பார்த்திருக்கிறேன்' என்பதில் வரும் 'பார்த்து'. நாம் இலக்கண வகுப்பில் வினையெச்சம் என்று படித்ததுதான். போ - போனேன் - போய், எழுது - எழுதினேன் - எழுதி என்று நமக்கும் மூன்று பத்தி எழுதலாம். முழுக்க முழுக்க ஒன்றுதான் என்று சொல்லவரவில்லை. ஆனால் படியில் கால் வைக்க இது போதும்.

இப்போது மகளின் கேள்வி. யார் இதை இப்படிப் பண்ணினது?

யாரும் பண்ணவில்லை, பழசு அப்படியே மிஞ்சியிருக்கிறது. இதுதான் பதில். ஐந்தாம் நூற்றாண்டு வாக்கில் வடக்கு ஜெர்மனி, டென்மார்க் பக்கத்திலிருந்து கடல் தாண்டிப் போய்க் குடியேறியவர்களின் மொழிதான் ஆங்கிலமாக வளர்ந்தது. அதனால்தான் என் மகளுக்கு அட்டவணையில் பாதி ஏற்கெனவே தெரிந்த மாதிரி இருக்கிறது. ஆங்கிலத்தில் சிங் - சாங் - சங், ஜெர்மனில் ஸிங்கன் - ஸாங் - கெஸுங்கன். டிரிங்க் - டிராங்க் - டிரங்க், ட்ரிங்கன் - ட்ராங்க் - கெட்ருங்கன். உள்ளே இருக்கும் உயிரெழுத்தை மாற்றிக் காலம் காட்டுவது அந்தக் குடும்பத்து மொழிகளின் மிகப் பழைய வழக்கம். கடைசியில் 'எட்' ஒட்டுவது அதற்குப் பின்னால் வந்தது. விசித்திரக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களில் மூத்தவர் யாக்கோப் கிரிம் பெரிய மொழியறிஞர். 1819-ல் தொடங்கி வெளியிட்ட ஜெர்மன் இலக்கணத்தில் அவர், உள்ளுக்குள்ளேயே மாறும் வினைகளை 'வலியவை' என்றும், வெளியிலிருந்து ஒட்டு வாங்கிக்கொள்பவற்றை 'மெலியவை' என்றும் பிரித்தார்.

வலியது என்று பெயர் வைத்துவிட்டால் போதுமா? ஆயிரம் வருடத்தில் பல வலியவைகள் மெலிந்துபோயின. 'ஹெல்ப்' என்பதற்கு ஒரு காலத்தில் இறந்தகாலம் 'ஹோல்ப்'. இன்று 'ஹெல்ப்டு'. 'லாஃப்', 'கிளைம்ப்' எல்லாம் கூட உயிரெழுத்து மாறிய வினைகள்தான். அவையும் 'எட்' வாங்கிக்கொண்டன.

'கோ'வின் கதை தனி. அதற்குப் பழைய இறந்தகாலம் 'இயோட' என்பது போன்ற ஒரு சொல். 'வென்ட்' அதன் சொந்தப் பிள்ளையே இல்லை. 'வெண்டு' என்று வேறொரு வினை இருந்தது, திரும்பிச் செல்வது, வழி செல்வது என்ற பொருளில். அதன் இறந்தகாலம்தான் 'வென்ட்'. சுமார் ஐந்நூறு, அறுநூறு வருடங்களுக்கு முன் 'கோ' அதைத் தத்தெடுத்துக்கொண்டது. பெற்ற வினை தனக்கு 'வெண்டெட்' என்று புதிதாக ஒன்றைச் செய்துகொண்டது. ஜெர்மனில் இந்தத் தத்து நடக்கவில்லை. இங்கே இன்னும் கேயன் - கிங் - கெகாங்கன்தான்.

இதையெல்லாம் எண்ணிக் கணக்குப் போட்டவர்களும் உண்டு. ஹார்வர்டைச் சேர்ந்த எரெஸ் லீபர்மன் உள்ளிட்ட சிலர் 2007 அக்டோபரில் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். பழைய ஆங்கிலத்தில் விதிக்கு அடங்காத 177 வினைகளை எடுத்துக்கொண்டு என்ன ஆயின என்று பின்தொடர்ந்தார்கள். இடைக்கால ஆங்கிலத்தில் அவற்றில் 145 அப்படியே இருந்தன. இன்று 98. மற்றவை 'எட்' கட்சியில் சேர்ந்துவிட்டன. எது தப்பிக்கும், எது மாறும் என்பதற்கு ஒரு கணக்கும் கிடைத்தது. நூறு மடங்கு குறைவாகப் புழங்கும் வினை, பத்து மடங்கு வேகமாக விதிக்குள் விழுந்துவிடுகிறது. இன்றைய ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்கும் பத்து வினைகளும் விதிக்கு அடங்காதவை. இரு, வை, செய், போ, சொல், பார், எடு என்று நாள் முழுக்க வாயில் வருபவை.

காரணம் எளிது. நாளுக்கு ஐம்பது தடவை கேட்கிற சொல்லைக் குழந்தை அப்படியே பிடித்துக்கொள்கிறது. வருடத்துக்கு ஒருமுறை கேட்கிற சொல்லின் இறந்தகாலம் மறந்துவிடும், கைவசம் இருக்கும் பொது விதியைப் போட்டுச் சமாளிக்கும். ஆக, என் மகளைப் படுத்தும் அந்த அட்டவணை, ஆயிரம் வருடமாக ஜனங்கள் தினமும் பேசிப் பேசிக் காப்பாற்றிய சொற்களின் பட்டியல். எங்களுக்கோ அது, ஒரு தடவை கூட யாரும் எங்களிடம் பேசாத சொற்களின் பட்டியலாக வந்து சேர்ந்தது. எங்கள் மலையில் புழக்கம் இல்லாத குறையைத்தான் கத்தி ஈடுகட்டினோம்.

நமக்கு மட்டும் இந்தத் தொல்லை இல்லை என்று தமிழர்கள் பெருமைப்பட வேண்டாம். பகுபத உறுப்பிலக்கணம் ஞாபகம் இருக்கிறதா? வந்தான் = வா + த்(ந்) + த் + ஆன், 'வா' என்பது 'வ' எனக் குறுகியது விகாரம் என்று எழுதி மார்க் வாங்கினோமே? அந்த விகாரம்தான் இது. வா - வந்தான். தா - தந்தான். காண் - கண்டான். சா - செத்தான். நோ - நொந்தான். வே - வெந்தது. நெடில் குறிலாகிறது, சிலதில் எழுத்தே மாறுகிறது. வருவது, தருவது, காண்பது, சாவது, நோவது, வேவது. தினப்படி வாழ்க்கைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பழையதும் புழக்கமானதும்தான் இங்கேயும் விதிக்கு மசியவில்லை. வினைப்பகுதிகளின் ஈறுகளை நன்னூல் 23 மாதிரிகளாக வகுத்துக்கொடுத்தது.

வெளிநாட்டுக்காரர்கள் தமிழ் கற்க வந்தபோது அவர்களுக்கும் பட்டியல் தேவைப்பட்டது. இதில் எனக்குத் தனி சுவாரஸ்யம், ஏனென்றால் ஆள் நான் இருக்கும் ஊர்க்காரர். லைப்ஸிக் மிஷனின் இயக்குநராக இருந்த கார்ல் கிரவுல் 1849-ல் கிளம்பி, தமிழ்நாட்டில் தங்கித் தமிழ் படித்து, 1853-ல் திரும்பினார். 1855-ல் இங்கே லைப்ஸிக்கில் ஒரு தமிழ் இலக்கணச் சுருக்கம் அச்சானது. அடுத்த வருடம் திருக்குறளை ஜெர்மனில் கொண்டுவந்தார். தமிழ் வினைகளை அவர் வகைபிரித்த முறைதான் பின்னால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனுக்கு அடிப்படை ஆனது. நூற்றெழுபது வருடம் முன்னால் இந்த ஊரில் ஒருவர் "வா, வந்தேன்... தா, தந்தேன்" என்று முணுமுணுத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டே சில நாள் டிராமில் ஆபீஸ் போயிருக்கிறேன்.

ஆனால் ஒரு வித்தியாசம். கிரவுல் கற்றது குறள் படிக்க. அவருக்குத் தமிழின் எல்லா வடிவமும் தேவைப்பட்டது. தோட்டத்துத் துரைக்கு 'இங்கே வா' போதுமாயிருந்தது. ஒரு மொழியில் உங்களுக்கு எத்தனை வினை வடிவம் வேண்டியிருக்கிறது என்பது, அந்த மொழிக்காரர்களோடு நீங்கள் எப்படி வாழ விரும்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் நிலைமையில் மலையாளமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். தமிழில் வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள். மலையாளத்தில் ஞான் வந்நு, நீ வந்நு, அவன் வந்நு, அவள் வந்நு. விகுதியே கிடையாது. யார் வந்தாலும் 'வந்நு'. ஆங்கிலத்தின் 'கேம்' போலவே. வீட்டில் ஒரு முறை, பஸ்ஸில் ஒரு முறை, கரும்பலகையில் ஒரு முறை என்று மூன்று வினைமுறைகளுக்கு நடுவே நாங்கள் வளர்ந்தோம். அதில் வீட்டுத் தமிழையும் பஸ் மலையாளத்தையும் யாரும் மனப்பாடம் பண்ணச் சொல்லவில்லை. தானாக வந்தது. எவ்வளவு பெரிய சாமர்த்தியம் அது என்று எங்களுக்கு யாரும் சொல்லவுமில்லை.

கேரளத்தில் இப்போது அந்தக் கத்தல் வகுப்பு பெருமளவு போய்விட்டது. 1990-களின் பிற்பகுதியிலிருந்து பாடத்திட்டம் மாறி, 2007-ல் வந்த புதிய கலைத்திட்டத்தின்படி மொழியை உரையாடலாக, கதையாக, செயல்பாடாகக் கற்கவேண்டும் என்றானது. பட்டியல் மனப்பாடம் பழைய பஞ்சாங்கம். சரியான யோசனைதான், குழந்தை அப்படித்தான் மொழி கற்கிறது. ஆனால் ஒரு சின்னத் தயக்கம் எனக்கு உண்டு. உரையாட ஆள் வேண்டுமே? ஆங்கிலம் காதில் விழும் வீட்டில் பிறந்த பிள்ளைக்கு அது பலிக்கும். லயத்தில் பிறந்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தின் அந்த நாற்பது நிமிஷம் தவிர வேறு ஆங்கிலம் கிடையாது. 2015 செப்டம்பரில் போனஸைக் குறைத்ததற்காக மூணாறில் பெண் தொழிலாளிகள் 'பெம்பிளை ஒருமை' என்று திரண்டு கம்பெனியையே நிறுத்தினார்கள். அப்போது அவர்களுக்கு ஒரு நாள் கூலி 232 ரூபாய். அந்தக் கூலியில் டியூஷன் வைத்துப் பிள்ளைக்கு உரையாடல் வாங்கிக்கொடுக்க முடியாது. எங்கள் ஆசிரியரின் மூன்று கோட்டுக் கரும்பலகையை நான் கேலி செய்யமாட்டேன். எங்களிடம் யாரும் ஆங்கிலம் பேசமாட்டார்கள் என்று தெரிந்த ஒரு மனுஷர், கையில் இருந்ததைக் கொடுத்தார். கோயம்புத்தூரில் விழுந்ததும் அதனால்தான், பிறகு எழுந்ததும் அதனால்தான். புழக்கம் கிடைத்த பிறகு ஆறே மாதத்தில் 'வென்ட்'டும் 'கான்'னும் தத்தம் இடத்தில் போய் உட்கார்ந்தன. சொற்கள் உள்ளே இருந்ததால்தானே உட்கார முடிந்தது?

இனி முதலில் சொன்ன சங்கதி.

மகளுக்குப் பதில் சொல்லி முடித்த அன்று சாயங்காலம், அம்மாவோடு போனில் பேசினோம். அம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டுப் போடிப் பக்கம் வந்துவிட்டார். பேத்தி சொன்னாள்: "பாட்டி, அப்பாகிட்ட நான் ஒண்ணு கேக்கினேன். அப்பா ரொம்ப நேரம் சொன்னாங்க. நான் நிக்கினேன், கால் வலிச்சுது."

கேக்கினேன். நிக்கினேன். பேசினேன், ஓடினேன் மாதிரி. அவள் தப்பாகப் பேசவில்லை, விதிப்படி பேசுகிறாள். 'ஹோல்ப்' எப்படி 'ஹெல்ப்டு' ஆனதோ அதே காரியம் என் வீட்டுக் கூடத்தில் நடந்துகொண்டிருக்கிறது. 'கேட்டேன்', 'நின்னேன்' என்று அவள் காதில் விழுவது நாளைக்கு எத்தனை தடவை? காலையில் பத்து நிமிஷம், ராத்திரி சாப்பிடும்போது கால் மணி. அதிலும் பாதி "சீக்கிரம் சாப்பிடு, பல் தேய், படு". யோசித்துப் பார்த்தால் நானும் அவளிடம் பெரும்பாலும் ஏவல் வினையில்தான் தமிழ் பேசுகிறேன். சின்னத்துரையின் புத்தகம் ஞாபகம் வந்தது. கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

அம்மா திருத்தவில்லை. "கேட்டியா? அப்புறம் என்ன கேட்டே? எவ்வளவு நேரம் நின்னே?" என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டுக்கொண்டே போனார். நாலாவது கேள்விக்கு அவள் தானாகவே "ரொம்ப நேரம் நின்னேன் பாட்டி" என்றாள். எந்தக் கலைத்திட்டமும் படிக்காத வாத்தியார்.

பிறகு டெஸ்ட்டுக்காக அம்மாவிடம் ஒப்பித்துக் காட்டினாள். "டேக் - டுக் - டேக்கன். பிரேக் - புரோக்..." என்று நின்றாள். மறுமுனையிலிருந்து, "புரோக்கன்" என்றார் அம்மா. அர்த்தம் இன்றைக்கும் அவருக்குத் தெரியாது.

இப்போது ராத்திரி சாப்பாட்டின்போது ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். ஆளுக்கு ஒரு சம்பவம் தமிழில் சொல்லவேண்டும். அன்றைக்கு நடந்ததாக இருக்கவேண்டும், அதாவது இறந்தகாலத்தில். பட்டியல் கிடையாது, திருத்தம் கிடையாது. முதல் வாரம் மூன்று நிமிஷத்தில் முடிந்தது. நேற்று முப்பது நிமிஷம் ஓடியது, சாதம் ஆறிப்போய்விட்டது.

டெஸ்ட்டில் இருபதுக்குப் பதினேழு. 'கோ' சரியாக எழுதியிருந்தாள்.